விடுங்க என்று சொல்ல வேண்டிய வீடு

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு என் அண்ணன் புதுவீட்டுப் பையனின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தான். பையன் குனிந்து இருமினான். அவன் வாயிலிருந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. எங்கள் வீடுகளுக்குப் பின்னாலிருந்த கம்பெனியின் சங்கு அப்போது ஊதிக்கொண்டிருந்ததால்தான் நேரம் எனக்கு இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. அந்த ஊதலில் அடியின் சத்தம் கேட்கவில்லை. கை இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அந்தப் பையனுக்கு ஆறு இருக்கும்.

என் மகன் படிக்கும் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர், “நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?” என்று போட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒருவர் தன் கணக்கு வாத்தியாரின் புளியங்குச்சியைப் பற்றி எழுதினார், இன்னொருவர் அப்பாவின் பெல்ட்டைப் பற்றி. எல்லாரிடமும் கொஞ்சம் பெருமை தெரிந்தது. நம் வயதுக்காரர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே சிரித்துக்கொண்டுதான் பேசுகிறோம், கவனித்திருப்பீர்கள். நானும் ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். எழுதி அழித்து, மறுபடி எழுதினேன். குழுவில் போட முடியாத அளவுக்கு அது நீண்டுவிட்டது.

அப்போது ஓசூரில் எங்கள் குடும்பம் இருந்தது ஒரு லைன் வீட்டில். ஒரே சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே எட்டு வீடுகள் வரிசையாக இருக்கும். முன்னால் நீளமாக ஒரு முற்றம், அதன் முனையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். சுற்றிலும் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். அப்பா சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்தவர். வேலை விட்டு வந்தால் அவர் சட்டையில், இரும்பு கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை இருக்கும். துணி துவைக்கும் சோடாவில் ஊறவைத்தாலும் போகாத வாசனை. இன்றைக்கும் ஏதாவது பட்டறையைத் தாண்டிப் போகும்போது அந்த வாசனை வந்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

முதல் வீட்டில் கர்நாடக எல்லையோரத்துத் தளியிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் பூ விற்றார். அவர் மனைவியை நாங்கள் பூக்கார அக்கா என்போம். அவர் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். விடியற்காலைப் பனியில் அவர் வீட்டு வாசலில் சாமந்தி மூட்டைகள் ஈரச்சாக்கில் கிடக்கும். அந்தக் குளிரும் பூவின் கசப்பு வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு ஓசூர். கடைசி வீட்டில் எல்லா வீடுகளுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களை அதட்டும்போது மட்டும் தமிழ்.

இத்தனை மொழிகள் புழங்கிய அந்த முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. உங்கள் பிள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளையை அடித்துவிட்டால், அவர்கள் வந்து புகார் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது. நீங்களே உங்கள் பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அங்கே வைத்து அவர்கள் பார்க்க அடிக்க வேண்டும். முதல் அடி விழுந்ததும், அந்த வீட்டார் வெளியே ஓடிவந்து, “வுடுங்க, வுடுங்க, சின்னப் பசங்கதானே” என்று கையைப் பிடிக்க வேண்டும். அத்தோடு எல்லாம் முடிந்தது. வாசலில் அடி வாங்கிய உங்கள் பிள்ளைக்கு அந்த வீட்டிலேயே ஏதாவது தின்னக் கொடுப்பார்கள். பெரியவர்கள் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.

அடிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. உள்ளங்கையைக் குவித்து முதுகில் போட்டால் சத்தம் பெரிதாக வரும், வலி அவ்வளவு இருக்காது. கையை ஓங்குவதும் நிதானமாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர நேரம் வேண்டுமே.

நான் ஒருமுறை பூக்கார அக்கா கட்டிவைத்திருந்த மல்லிகைச் சரத்தை அறுத்து, அவர் மகள் தலையில் தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். அம்மா என்னை வாசலுக்கு இழுத்துப்போய்க் கையை ஓங்கினார். கை என்மேல் படுவதற்கு முன்பே அக்கா வந்துவிட்டார். “ஹொடீபேடி அக்கா, ஹெண்ணு மகு, பொம்பளப் புள்ள, அடிக்காதீங்க” என்று என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் எனக்கு ஒரு கடலை உருண்டை கிடைத்தது. அவர் மகளுக்குக் கிடைக்கவில்லை. அவள்தான் அழுதாள்.

இன்னொரு முறை ஐந்தாம் வீட்டுக்காரர் தன் மகனை எங்கள் வாசலுக்கு இழுத்துவந்தபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா குழாயடியில். அந்த மனிதர் பாவம், கையை ஓங்கியபடியே திட்டிக்கொண்டிருந்தார். “உனக்குப் புத்தி இருக்குதா? எத்தினி வாட்டி சொல்றது?” என்றவர், திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய், “போன வருசம்கூட இப்புடித்தான் செஞ்ச” என்று பழைய கதையை எடுத்தார். அப்பா சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். “கொஞ்சம் சீக்கிரம் வரக் கூடாதாண்ணா, கை வலிக்குது” என்றார் அவர். முற்றமே சிரித்தது. அடி வாங்க நின்றவனும் சிரித்தான்.

இந்த வழக்கத்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

அந்த வருடம் மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. கடைசியாக வந்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் அது புதுவீடு. தெற்கே தூத்துக்குடிப் பக்கம் அவர்கள் ஊர். ஓசூர்க் குளிர் தாங்காமல் பகலிலும் மப்ளர் கட்டிக்கொண்டிருந்த புதுவீட்டு மாமா, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு இங்கே கம்பெனி வேலைக்கு வந்திருந்தார். அவர் மனைவி, புதுவீட்டு அத்தையும் வேலைக்குப் போனார். எலக்ட்ரிக் சாமான்கள் செய்யும் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். கம்பெனி பஸ் அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிட ஆறு மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள். பையன் வெள்ளைச் சட்டையில் காலர் பட்டன் வரை போட்டிருப்பான். மாமா யாரோடும் அதிகம் பேசமாட்டார். எது சொன்னாலும் “சரிங்க” என்பார். குழாயடி முறை மாறினாலும் சரிங்க, வாடகையைக் கூட்டினாலும் சரிங்க. அவரை நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவரோடு உட்கார்ந்து பேசியவர்கள் யாருமில்லை.

அந்தக் காலத்தில் ஓசூர்ப் பிள்ளைகளிடம் இருந்த ஒரு பொருள் இப்போது எங்கும் கண்ணில் படுவதில்லை. பேரிங்கை உடைத்து எடுத்த இரும்புக் குண்டு. மற்ற ஊர்களில் கண்ணாடிக் கோலிகுண்டு ஆடியபோது நாங்கள் இதை வைத்துத்தான் ஆடினோம். அப்பா கம்பெனியில் கழித்துப்போட்ட பேரிங்கிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டு வருவார். கையில் வைத்தால் குளிரும். முகம் தெரியும். அண்ணனிடம் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒன்று இருந்தது. அதற்கு ராஜா என்று பெயர் வைத்திருந்தான். தூங்கும்போதும் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வான்.

அன்று முற்றத்தில் அண்ணனும் நண்பர்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். புதுவீட்டுப் பையன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ராஜாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் பார்த்தேன். அவன் கன்னம் புடைத்தது. அண்ணன் திரும்பிப் பார்த்து, “துப்புடா, துப்பு” என்று கத்தினான். பையன் பயந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அப்போதுதான் அந்த அடி. குண்டு வெளியே வந்து விழுந்தது. கூடவே ரத்தமும் ஒரு பல்லும்.

குண்டை விழுங்கிவிடுவானோ என்ற பயத்தில் அடித்தானா, தன் ராஜாவை எச்சில்படுத்திய கோபத்தில் அடித்தானா? பெரியவளான பிறகு அண்ணனிடமே கேட்டேன். “தெரியலம்மா. ரெண்டும்தான்னு நினைக்கறேன்” என்றான்.

பையன் அலறியதில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. சின்னப்பிள்ளையின் சட்டையில் ரத்தத்தையும், பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையனையும் பார்த்தார்கள். “பல்ல ஒடச்சிட்டான்” என்று யாரோ சொன்னார்கள். அப்பா காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வீட்டுக்காரர் போய் எழுப்பி, “அண்ணா, உங்க பையன் புதுவீட்டுப் பையன் பல்ல ஒடச்சிட்டான்” என்றார்.

அப்பா பனியனோடு வந்தார். “ஏன்டா அடிச்ச?” என்றார். அண்ணன், “அப்பா, அவன் வாயில...” என்று ஆரம்பித்தான். நம் வீடுகளில் ஏன் அடித்தாய் என்பது பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல. பதில் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகிவிடும். அப்பா அவன் காதைப் பிடித்தார். பக்கத்து வாசலுக்கு நாலைந்து எட்டுதான்.

புதுவீட்டு மாமா கதவருகில் வந்து நின்றார். அவரும் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார், இரவு ஷிஃப்ட் வாரம் அது. பையன் அவர் காலைக் கட்டிக்கொண்டு வாயில் துண்டை அழுத்தியிருந்தான். மாமா ஒரு புகாரும் சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

அப்பா உள்ளங்கையைக் குவித்து முதுகில் ஓர் அடி போட்டார். சத்தம் பெரிதாக வந்தது. நிறுத்தினார்.

மாமா மார்பின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சின்னப் புள்ளய அடிப்பியா? ஊருக்குப் புதுசா வந்தவங்க புள்ளய அடிப்பியாடா?” அப்பா இன்னொன்று போட்டார். மறுபடி நிறுத்தி, மாமாவைப் பார்த்தார். “இனிமே இவன் உங்க வாசப்பக்கம் வந்தான்னா கால ஒடச்சிடறேன் சார்.”

“சரிங்க” என்றார் மாமா.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இவ்வளவு போதவில்லை என்று இந்த மனிதர் நினைக்கிறார் என்பதுதான் அவருக்கு விளங்கியிருக்கும். உடைந்தது பல் ஆயிற்றே. இரண்டு அடி எப்படிப் போதும்? அடுத்த அடியில் கை குவிந்திருக்கவில்லை.

நீங்கள் கேட்கலாம், அங்கே அத்தனை பேர் நின்றார்களே, யாராவது தடுத்திருக்கக் கூடாதா என்று. கூடாது. அதுவும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. நிறுத்தும் உரிமை பாதிக்கப்பட்ட வீட்டுக்கு மட்டும்தான். வேறு யாராவது நடுவில் போனால், உன் பிள்ளைக்குப் பட்டது பெரிய அடியில்லை என்று அந்த வீட்டாரிடம் சொன்னதாகிவிடும். பூக்கார அக்கா தன் வாசலில் நின்றபடியே, “ஹொடீபேடி அண்ணா, ஹொடீபேடி” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படியிறங்கி வரவில்லை. வீட்டுக்காரம்மா புதுவீட்டு மாமாவைப் பார்த்து இருமினார். மறுபடி இன்னும் பலமாக இருமினார். மாமா அவரைக் கவலையோடு பார்த்தார். அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார். எங்கள் அம்மா எங்கள் வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின.

அப்பாவாலும் நிறுத்த முடியவில்லை. அடித்தவரே நிறுத்திக்கொண்டால், தன் பிள்ளையென்றதும் கையிளகிவிட்டது என்று பேச்சு வரும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு அவர் சின்ன இடைவெளி விட்டார். அந்த இடைவெளி எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு சொல் வந்து விழுவதற்காக விட்ட இடம் அது. ஒன்றும் விழவில்லை. அப்பா மறுபடி கையை ஓங்கினார். அண்ணன் ஆரம்பத்தில் அழுதான். பிறகு அழவில்லை. முதுகில் விழ வேண்டிய அடி, அவன் குனிந்ததில் காதோடு சேர்த்து விழுந்தது.

மறுநாள் அவன் காதிலிருந்து தண்ணீர் மாதிரி வடிந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சொன்னார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். “வெளையாடும்போது வுழுந்துட்டானுங்க” என்றார் அப்பா. அண்ணனும் தலையாட்டினான். காது முழுதாகத் தேறவில்லை. இப்போது அவன் அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனிக்குத் தினமும் போய் வருகிறான். போனை வலது காதில்தான் வைப்பான். கூட்டத்தில் யாராவது இடப்பக்கத்திலிருந்து பேசினால் சிரித்துச் சமாளித்துவிடுவான். தன் மகள்மேல் அவன் கை வைத்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு எங்கள் இருவரையும் தொட்டதில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனால் சாகும்வரை அண்ணனோடு நடக்கும்போது அவனுடைய வலப்பக்கமாகத்தான் நடந்தார்.

பல மாதங்கள் கழித்துக் குழாயடியில் அம்மா புதுவீட்டு மாமாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு நிறுத்தியிருப்பாரே. ஏங்க சும்மா நின்னீங்க?”

மாமா குடத்தைக் கீழே வைத்தார். “எங்க ஊர்ல தகப்பன் பிள்ளையக் கண்டிக்கும்போது நடுவுல போகமாட்டோம் மதினி. போனா, எனக்குப் பிள்ள வளக்கத் தெரியலன்னு சொல்ல வாரியான்னு கேப்பாங்க. உள்ள போயிருவமான்னு பாத்தேன். அதும் மரியாத இல்லன்னுதான் நின்னேன்” என்றார்.

மரியாதைக்காக நின்றிருக்கிறார். மரியாதைக்காகத்தான் அப்பாவும் அடித்திருக்கிறார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் என் மகன் பள்ளி மாடிப்படியில் ஒரு பையனைத் தள்ளிவிட்டான். அந்தப் பையனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. முதல்வர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பையனின் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார், அவரை எனக்கு முன்பின் தெரியாது. கதவைத் தாண்டி உள்ளே போனதும் என் கை தானாக மேலே எழுந்தது. என் மகன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். நான் அவனை வாழ்நாளில் அடித்ததில்லை, ஆனாலும் அவனுக்குக் கண்ணை மூடத் தெரிந்திருக்கிறது. என் கை அந்தரத்தில் நின்றது. நான் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். நான் எதற்காக அவரைப் பார்க்கிறேன் என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. கையை இறக்கி மகனின் காலரைச் சரிசெய்வதுபோல் செய்தேன். “ஏன்டா தள்ளின?” என்று கேட்டேன். பதிலுக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பிறகு பல இரவுகள் எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்தக் குழுவில் சிரிக்கும் முகங்களைப் பார்த்தபோது என்னால் சேர்ந்து சிரிக்க முடியாததும் அதனால்தான்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் கை மறுபடி மேலே போயிருந்தபோது முற்றத்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. புதுவீட்டு அத்தை. தோளில் டிபன் பை, கம்பெனி நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். தன் பையனிடம்கூடப் போகவில்லை. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் புகுந்து, அவனைத் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவன் மூக்கும் வாயும் அந்த நீலக் கோட்டில் பதிந்தன.

“எதுக்குப் போட்டு இந்த அடி அடிக்கிய?” என்றார்.

அப்பா கையை இறக்கினார். மூச்சு வாங்கியது. “உங்க பையன் பல்ல இவன் ஒடச்சிட்டானுங்க” என்றார். “பாருங்க, எவ்ளோ ரத்தம்னு.”

அத்தை அண்ணனை விடாமலே ஒரு கையை நீட்டித் தன் பையனைக் கூப்பிட்டார். வாயிலிருந்து துண்டை எடுத்தார். கட்டைவிரலால் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பினார்.

“இது பால்பல்லுல்லா அண்ணாச்சி. நாலஞ்சு நாளா ஆடிக்கிட்டுத்தான் கெடந்து. இன்னைக்கு வேல விட்டு வந்து நானே நூலக் கட்டி இழுக்கணும்னு இருந்தேன்.”